யாரோ ஒரு கூலிக்காரி

மகனே சூசை,

நீ சுகமா என்று கேட்டுத்தான் ஒரு தாய் கடிதத்தைத் தொடங்கவேண்டும். எனக்கு இன்று அது வரவில்லை. கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அடுப்பு மூட்டும்போதும் கோபம், செபமாலை சொல்லும்போதும் கோபம். அருள் நிறைந்த மரியாயே என்று வாய் சொல்கிறது, மனசு உன்னோடு சண்டை போடுகிறது. அதனால் இருக்கிற கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன். நீ இதை அவசரமாக மடித்துச் சட்டைப்பையில் வைக்காமல், உட்கார்ந்து முழுசாகப் படி.

இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், நம் பங்குச் சாமியார் என்னைத் தன் அறை வாசலுக்கு வரச்சொன்னார். அவர் பிரான்சு தேசத்திலிருந்து வந்தவர், செபப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே தமிழ் பேசுவார் என்பது உனக்குத் தெரியும். கையில் ஒரு கடிதம் இருந்தது. "அம்மா, உம்முடைய குமாரன் எனக்கு எழுதியிருக்கிறான். உமக்குத் தெரிந்துதான் எழுதினானா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசித்தார். "என் தாயார் வயோதிகத்தாலும் சரீர பலவீனத்தாலும் மிகவும் தளர்ந்துவிட்டபடியால், அவரைப் பெண்கள் சபையின் ஊழியத்திலிருந்து விடுவித்து, சபைப் புத்தகத்திலிருந்து அவர் பெயரை நீக்கிவிடும்படி தாழ்மையாய் வேண்டிக்கொள்கிறேன்." கீழே உன் கையெழுத்து. நான் கேட்டு வாங்கி, நானே ஒருமுறை படித்தேன். அந்த வளைந்த ழகரத்தை உனக்குச் சிலேட்டில் போட்டுக் காட்டியவள் நான். பஞ்சத்தில் அப்பனையும் ஆத்தாளையும் பறிகொடுத்து ஆற்காட்டுப் பக்கம் கன்னியாஸ்திரீகள் மடத்தில் வளர்ந்த எனக்கு, அவர்கள் கொடுத்த ஒரே சீதனம் எழுத்துதான். அதை உனக்குக் கொடுத்தேன். அந்த எழுத்தை வைத்து, எனக்கு எழுதாமல், என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

எனக்கு வயது நாற்பது. அன்று காலைகூட இரண்டு குடம் தண்ணீர் சுமந்துவிட்டுத்தான் பூசைக்குப் போயிருந்தேன். எந்தச் சரீர பலவீனம்? சாமியார் என் முகத்தைப் பார்த்தார். கிழவி மாதிரி நடிக்க எனக்குத் தெரியவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம பதில் சொல்றேன் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வாரம் நான் எதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேனோ, அதைத்தான் இப்போது உனக்குச் சொல்லப்போகிறேன். சிலது உனக்குத் தெரியும். சிலதை இதுவரை உன்னிடம் மறைத்திருக்கிறேன். மறைத்ததும் என் தப்புதான்.

உனக்கு ஆறு வயசு இருக்கும்போது நம் தங்கச் சுரங்கத்து மாரிகுப்பம் லைன் வீடுகளில் வாந்திபேதி வந்தது. அப்போது நமக்கெல்லாம் தட்டி வீடு. மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் நாம் மூன்று பேர், அந்தப் பக்கம் ரோசம்மாளும் அவள் புருஷனும். அவள் நம்மைப் போலவே கோவிலுக்கு வருகிறவள். உனக்குக் கம்புரொட்டி கொடுப்பாளே, அவள்தான். ஒரு நாள் விடிந்ததும் அவளுக்குக் கண்டது. புருஷன் பயந்து ஊருக்கு ஓடிவிட்டான். உன் அப்பா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "தண்ணி குடுக்கா, ஒரு வாய் தண்ணி." ஒருமுறை இல்லை, பலமுறை. நான் கதவைச் சாத்தி, உன்னை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உன் காதைப் பொத்தினேன். என் காதைப் பொத்த எனக்கு மூன்றாவது கை இல்லை. மத்தியானத்துக்குள் அவள் சத்தம் நின்றுவிட்டது.

கோவிலில் அப்போது ஆண்களுக்கு ஒரு சபை இருந்தது. பெட்டி தூக்கிக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் கொண்டுபோவார்கள். அவர்கள் வந்தார்கள், ஆனால் சந்து முனையிலேயே நின்றுவிட்டார்கள். பெண்பிள்ளை உடம்பு, வாந்திபேதிப் பிணம், யாராவது கழுவித் துணி சுற்றிக் கொடுத்தால் தூக்குகிறோம் என்றார்கள். லைனில் இருந்த எந்தப் பெண்ணும் வெளியே வரவில்லை. அப்போதுதான் மதலேன் வந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், கல் பொறுக்குகிற வேலை. தாலி கட்டாமல், ஞானஸ்நானம் பெறாத ஒரு தெலுங்கு வண்டிக்காரனோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று கோவிலில் அவளுக்கு நற்கருணை நன்மை கொடுப்பதில்லை. கடைசி வரிசைக்கும் பின்னால், வாசற்படிக்கு வெளியே நின்று பூசை பார்க்கிறவள். அவள் ஒருத்தியாக உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் நம் கதவைத் தட்டினாள். "தண்ணி பத்தல. ஒங் கொடத்தக் குடு." நான் கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்து, குடத்தை வெளியே தள்ளி, "நீயே வச்சிக்கோ, திருப்பித் தரவேணாம்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. "கொடம் கெடக்குதுடி. பொரட்டிப் போட இன்னொரு கை வேணும். வர்றியா?" நான் கதவைச் சாத்தினேன்.

சூசை, நான் பரிசுத்தவதி என்று உனக்குக் காட்டிக்கொள்வதற்காக இந்தச் சபையில் இல்லை. ரோசம்மாளுக்குத் தண்ணீர் கொடுக்காதவள் நான். இதை எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், சாமியார்களும் மன்னித்துவிட்டார்கள். ரோசம்மாள் மன்னித்தாளா என்று எந்தச் சாமியாராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து உன் அப்பா போனார். சுரங்கத்துக்குள்ளே அவர் வேலை செய்த லெவலில் பாறை வெடித்துச் சரிந்தது என்று சொன்னார்கள். கேஜ் கூண்டில் மேலே கொண்டுவந்து, ஒரு பெட்டியில் வைத்து, ஆணி அடித்துத்தான் நம் வாசலில் இறக்கினார்கள். சபை ஆண்கள் அதைச் சுற்றி நின்றார்கள். மூத்தவர் என்னிடம், "தொறக்க வேணாம்மா. பாக்கற மாதிரி இல்ல. அப்பிடியே அடக்கம் பண்ணிடலாம்" என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். எனக்கு அப்போது எதற்கும் தலையாட்டத்தான் தெரிந்தது. மதலேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் குடமும் ஒரு பழைய வெள்ளை வேட்டியும். "யாராவது ஆணி புடுங்குங்க" என்றாள். மூத்தவர் கோபப்பட்டார். "நீ யாரும்மா அத்தச் சொல்ல?" அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உள்ள கீறது ஒம் புருசன்டி. சேறும் கல்லுமா அப்பிடியே மண்ணுல போட்ருவியா? நாளைக்கி ஒம் புள்ள எங்கப்பன் மூஞ்சி எப்பிடி இருந்துச்சின்னு கேப்பான். இன்னா சொல்லுவ நீ?"

ஆணியைப் பிடுங்கினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கழுவினோம். முடியில் இருந்த கல்தூளை அவள் விரலால் ஒவ்வொன்றாக எடுத்தாள். உனக்கு இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன். உன் அப்பாவின் முகத்தில் இடது பக்கம் இல்லை. மதலேன் அந்தப் பக்கத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பி, வேட்டியைக் கிழித்துத் தலையைச் சுற்றிக் கட்டி, நல்ல பக்கம் மட்டும் தெரியும்படி வைத்தாள். மீசையைத் தண்ணீர் தொட்டுச் சீவிவிட்டாள். பிறகுதான் உன்னைக் கூப்பிட்டாள். நீ வந்து முத்தம் கொடுத்தாய். பல வருஷம் கழித்து, பெங்களூர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து லீவுக்கு வந்தபோது நீ என்னிடம் சொன்னாய்: "அப்பா தூங்கற மாதிரிதான்மா இருந்தாரு. எனக்கு அந்த மூஞ்சிதான் ஞாபகம்." அந்த முகத்தை உனக்குச் செய்து கொடுத்தது யாருடைய கை என்று நினைத்தாய்?

நான் சபைக்குப் போனது அதனால்தான். யாரும் கூப்பிடவில்லை. உன் அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம், பிரசவத்தில் ஒரு பெண் செத்துப்போனாள். மதலேன் குடத்தோடு நம் வாசலைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நானாகக் கதவைத் திறந்துகொண்டு அவள் பின்னால் நடந்தேன். பிறகு அருளாயி வந்தாள், பிறகு அக்காள் தங்கை இரண்டு பேர் வந்தார்கள். அப்போதிருந்த சாமியார் பார்த்துவிட்டு, பெண்கள் சபை என்று ஒரு புத்தகம் போட்டு எங்கள் பெயரை எழுதினார். மைசூர் மைன்ஸ் பக்கத்திலிருந்தும் நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்திலிருந்தும் ஆள் வந்து கூப்பிடுவார்கள். நோயாளிக்குக் கஞ்சி வைப்பது, சாகிறவர்கள் பக்கத்தில் செபம் சொல்வது, செத்தவர்களைக் கழுவி உடுத்துவது, அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பெரிப்பது. இவ்வளவுதான் எங்கள் ஊழியம். கொடி இல்லை, தோளில் பட்டை இல்லை. திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் எங்களுக்கென்று ஒரு வரிசையும் இல்லை. குழாயடியில் சிலர் எங்கள் குடத்தைத் தொடாமல் தள்ளி நிற்பார்கள். கோவிலில் பீடத்துக்குப் பூ வைக்கிற பெண்கள் ஒருமுறை சாமியாரிடம் போய், இவங்க கை பட்ட துணியைப் பீடத்துல போடக்கூடாது என்று சொன்னதும் எனக்குத் தெரியும். அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. என் மொத்தக் கோபத்தையும் கடவுள் உனக்காகத்தான் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ சம்பந்தம் பேசிய பெங்களூர்க்காரர்கள் நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்று முந்தின நாளே வந்து நின்றாய். மதலேனுக்கு அப்போது மூன்றாம் நாள் காய்ச்சல். அன்று சாயங்காலம் நான் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவளே என்னை விரட்டினாள். "நாளைக்கி ஒம் புள்ள விசேசம். போயி வூட்ட மொழுகு. எனக்கு ஒண்ணும் ஆவல." நான் வந்துவிட்டேன். காலையில் நான் முறுக்கு அடுக்கிக்கொண்டிருக்கும்போது பின்வாசலில் அருளாயி வந்து நின்றாள். அழக்கூட இல்லை. "அக்கா, மதலேன் பூட்டா." நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். நீ குறுக்கே வந்து நின்றாய். "அம்மா, இன்னிக்கி ஒரு நாள் மட்டும் போகாத. ரயில் வர்ற நேரம். நீ போயிட்டு அந்தக் கையோட வந்து எப்பிடிப் பரிமாறுவ?" அந்தக் கை என்றாய். அருளாயி காதில் அது விழுந்தது. அவள் திரும்பிப் போனாள்.

நான் போகவில்லை. உன்மேல் நான் எவ்வளவு கோபமாக இருக்கிறேனோ, அதைப்போல இரண்டு மடங்கு என்மேல் இருக்கிறேன். உன்னைத் தள்ளிவிட்டுப் போகிற பலம் எனக்கு இருந்தது. போகவில்லை. பிள்ளைக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகவேண்டும் என்ற ஆசை என் காலைக் கட்டியது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, இரவல் வாங்கிய டம்ளர்களில் காப்பி ஊற்றினேன். அன்று நீ அவர்கள் முன்னால் என்னை "நீங்க, வாங்க" என்று கூப்பிட்டாய். பிறந்ததிலிருந்து என்னை "நீ" என்று சொன்ன வாய். அதையும் பொறுத்துக்கொண்டேன். உன் மாமனாராக வரப்போகிறவர் தன் சபையைப் பற்றி நிறையப் பேசினார். வருஷத்துக்கு ஒருமுறை ஏழைகளுக்குக் கம்பளி கொடுக்கிறார்களாம், அன்று எல்லோரும் நீலப் பட்டை போட்டுக்கொள்வார்களாம். அவர் மனைவி என் பக்கம் திரும்பி, "கோவில் பீடத்துத் துணியெல்லாம் நீங்கதான் தைக்கிறீங்களாமே? தம்பி சொன்னாரு" என்று சந்தோஷமாகக் கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குக் கிழிந்த துணியில் ஒட்டுப் போடத்தான் தெரியும் என்று உனக்குத் தெரியாதா? நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தே அந்தப் பொய்யில் பாதியை நான் சுமந்துகொண்டேன்.

அப்போதுதான் கோவிலில் சாவு மணி அடித்தது. ஒவ்வொரு அடியும் என் முதுகில் விழுந்தது. அந்த அம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சிலுவை போட்டு, கண்ணை மூடினார். நித்திய இளைப்பாற்றியை அருளும் ஆண்டவரே என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உன்னைப் பார்த்துக் கேட்டார்: "யாருக்குத் தம்பி மணி அடிக்குது?" அவர் வம்புக்குக் கேட்கவில்லை. வேண்டிக்கொள்வதற்கு ஒரு பெயர் கேட்டார். அவ்வளவுதான். நீ சொன்னாய்: "யாரோ ஒரு கூலிக்காரிங்க."

யாரோ ஒரு கூலிக்காரி. அந்த வார்த்தையை நீ சொல்லி முடித்தபோது, தட்டிக்கு அந்தப் பக்கம் ரோசம்மாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுதான் எனக்குக் கேட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மதலேன் என்று சொல்ல நாலே எழுத்துத்தான். சொல்லவில்லை. அவர்கள் சாப்பிட்டு, செபம் சொல்லி, ரயிலேறிப் போனார்கள். நீ அவர்களை ஏற்றிவிடப் போனாய். நான் பட்டுச்சேலையோடேயே மதலேன் வீட்டுக்கு ஓடினேன். அங்கே பெட்டி மூடியாகிவிட்டது. அருளாயியும் மற்ற இரண்டு பேரும் கழுவி, உடுத்தி, எல்லாம் முடித்து உட்கார்ந்திருந்தார்கள். திறக்கச் சொல்லிக் கேட்டேன். அருளாயி என் சேலையை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பத்தான்கா ஆணி அடிச்சாங்க. உனுக்காகப் பாத்துகினுதான் இருந்தோம். மணி அடிச்சாவது வருவன்னு பாத்தோம்." பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பதினேழு வருஷம் இந்த லைனில் செத்தவர்களையெல்லாம் குளிப்பாட்டினவள் மதலேன். அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் என் கையால் ஊற்றக் கொடுத்துவைக்கவில்லை. கொடுத்துவைக்கவில்லை என்ன, நான் ஊற்றவில்லை. நேராகவே சொல்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு, அந்த வாரமே, நீ பெங்களூருக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, என் பெயரை நீக்கச் சொல்லிச் சாமியாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். ஒரு நாள் நான் உனக்காகப் போகாமல் இருந்தேன் அல்லவா, இனி எந்த நாளும் போகமாட்டாள் என்று நினைத்துவிட்டாய். நான் இடம் கொடுத்ததன் பலன் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் போனேன். அவர் சபைப் புத்தகத்தைத் திறந்து மேசைமேல் வைத்திருந்தார். பேனாவும் மையும் பக்கத்தில். "நீக்கட்டுமா அம்மா?" என்றார். "நீக்க வேணாம் சாமி. ஒரு பேரு சேக்கணும்" என்றேன். யார் என்றார். "மதலேன்." அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். என் பெயர், அருளாயி பெயர், அக்காள் தங்கை பெயர். அவ்வளவுதான். மதலேன் பெயர் இல்லை. வண்டிக்காரனோடு இருந்த வருஷமெல்லாம் எழுதமுடியாது என்றார்கள். அவன் செத்து, அவள் பாவசங்கீர்த்தனம் செய்து, நாலு வருஷமாக நன்மை வாங்கிக்கொண்டிருந்தாள். அப்போதும் யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. எழுத்துத் தெரிந்த எனக்கும் தோன்றவில்லை, சூசை. அவளும் கேட்கவில்லை. "இறந்தவர்களைச் சபையிலே சேர்க்க விதியில்லையே, அம்மா" என்றார் சாமியார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. "சாமி, இந்தச் சபையே செத்தவங்களுக்குத்தான். அவ பேரு இதுல இல்லன்னா என் பேரையும் அடிச்சிடுங்க. எம் புள்ள கேட்டதும் ஆச்சி, நான் கேட்டதும் ஆச்சி. ஆனா வேலைய வுடமாட்டேன்." அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பேனாவை மையில் தொட்டு என் கையில் கொடுத்தார். "நீரே எழுதும்" என்றார். எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது.

உனக்குப் புத்தி சொல்லத் தகுதி உள்ளவளா நான் என்று இவ்வளவு படித்த பிறகு நீ கேட்கலாம். தகுதியால் சொல்லவில்லை, தப்புச் செய்தவள் என்பதால் சொல்கிறேன். கட்டிக்கொள்ளப்போகிறவள் வீட்டில் நீ பொய்யோடு நுழையாதே. நுழைந்தால் அந்தப் பொய்க்கு உடம்பு சரியில்லாமல் போகும்போதெல்லாம் நீதான் கஞ்சி வைத்துக் காப்பாற்றவேண்டும். அந்தப் பெண் ஒரு நாள் நம் லைனுக்கு வருவாள், நான்கு பேர் என்னைத் தேடி வாசலில் வந்து நிற்பதைப் பார்ப்பாள், அப்போது அவளுக்கும் ஒரு பொய் சொல்வாய். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து தாத்தா எப்படி இருந்தார் என்று கேட்டால் எதைச் சொல்வாய்? மாமனார் கம்பளி கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. குளிரில் இருக்கிறவனுக்குக் கம்பளி நல்லதுதான், பட்டை போட்டுக்கொண்டு கொடுத்தாலும் கதகதப்பு ஒன்றுதான். ஆனால் வாங்கிக்கொள்கிறவன் பெயரை ஒருமுறையாவது கேட்கச் சொல். உன் வெட்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை. பெங்களூர்ப் பள்ளிக்கூடத்தில் உன்னைப் பிணம் கழுவுகிறவள் மகன் என்று கூப்பிட்டார்கள், நீ அழுதுகொண்டு வந்து சொன்னாய். அன்று நான் உனக்கு ஆறுதல் சொல்லாமல், "போனாப் போவுது, வுடு" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றே உட்காரவைத்து உன் அப்பாவின் முகத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால், இன்று நீ இப்படி ஆகியிருக்கமாட்டாய். அதுவும் என் கணக்கில்தான் இருக்கட்டும்.

உனக்கு இந்தக் கடிதம் போகிற அதே ரயிலில் இன்னொன்றும் போகிறது. அது உன் மாமியாராக வரப்போகிற அந்த அம்மாளுக்கு. எனக்குத் தையல் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். நான் என்ன ஊழியம் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். அன்று அவர் கேட்ட பெயரையும், அந்தப் பெயருக்குரியவள் யார் என்பதையும் எழுதியிருக்கிறேன். உன்னைப் பற்றி ஒரு குறைகூட எழுதவில்லை. பயத்தில் சொன்னான், கெட்ட பிள்ளை இல்லை என்றுதான் எழுதினேன். அதை எழுதும்போது மட்டும் எனக்கு அழுகை வந்தது. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபப்படுவாய். படு. என்னைக் கேட்காமல் நீ எழுதினாய், உன்னைக் கேட்காமல் நான் எழுதினேன். அவர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டில் நீ காலமெல்லாம் தலைகுனிந்து சாப்பிடுவதிலிருந்து தப்பித்தாய் என்று நினைத்துக்கொள்வேன். உனக்கு அப்படித் தோன்றாது, கொஞ்ச காலம் என் முகத்திலேயே விழிக்கமாட்டாய். அதற்கும் தயாராகத்தான் தபாலில் போட்டேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முகம் தெரியாத ஒருத்திக்காக வேண்டினாரே, அந்த அம்மாள் அப்படிச் சொல்லமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கல்யாணம் நடந்தால் நான் தனியாக வரமாட்டேன். அருளாயியும், அக்காள் தங்கை இரண்டு பேரும் என்னோடு வருவார்கள். அவர்களிடம் சொல்லிவிட்டேன். அருளாயி முதலில் மாட்டேன் என்றாள், அந்தக் கை என்று நீ சொன்னதை அவள் மறக்கவில்லை. நான் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டபிறகுதான் சரி என்றாள். பந்தியில் எங்கள் நாலு பேருக்கும் ஒரே வரிசையில் இலை போடச் சொல். ஓரத்தில் வேண்டாம், உன் மாமனார் வீட்டார் உட்காரும் பந்தியிலேயே போடு. பெங்களூர்க்காரர்கள் யாராவது, இவங்கள்லாம் யாரு என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லமாட்டேன், இவர்களும் சொல்லமாட்டார்கள். நீ எழுந்து வந்து, எங்கள் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உன் வாயால் சொல்லவேண்டும். அதுவரைக்கும் சோறு ஆறினாலும் ஆறட்டும், நாங்கள் இலையில் கை வைக்கமாட்டோம்.

உன் அம்மா